மலிவான ஃபிளிப்பர் கத்தி: திருகில் தீரும் கோளாறும் தீராத கோளாறும்

கையால் திறக்கும் ஃபிளிப்பர் மடக்குக்கத்தியில் பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. மூடியிருக்கும்போது பிளேடின் அடியிலிருந்து ஒரு சிறு முளை பிடியின் முதுகுப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆள்காட்டி விரலால் அதை அழுத்தினால் பிளேடு பிவட்டை, அதாவது அதைப் பிடியோடு இணைக்கும் அச்சாணியை, சுற்றிச் சுழன்று வெளியே வரும். வந்ததும் லாக் அதன் பின்னால் விழுந்து பிடித்துக்கொள்ளும். பிளேடை எந்த ஸ்பிரிங்கும் தள்ளுவதில்லை. வேகம் முழுக்க விரலிலிருந்துதான் வருகிறது.

அந்த வேகத்தைச் சேர்த்துக் கொடுப்பது டிடென்ட். லாக் தகட்டில் எஃகிலோ செராமிக்கிலோ செய்த ஒரு பொடிக் குண்டைப் பதித்திருப்பார்கள். கத்தி மூடியிருக்கும்போது அந்தக் குண்டு பிளேடின் அடிப்பகுதியில் துளைத்த ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கும். விரல் அழுத்தியதும் குண்டு விட்டுவிடாது. போதிய விசை சேர்ந்த பிறகுதான் குழியை விட்டு எகிறும். சொடக்குப் போடும்போது விரல் அழுத்திக்கொண்டே நின்று பிறகு நழுவுமே, அதே கணக்கு. நழுவுவதற்கு முன் சேர்ந்த அழுத்தம்தான் பிளேடைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விலை குறைந்த ஃபிளிப்பர்களில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் பிறக்கின்றன. ஒன்று, பிவட் ஸ்க்ரூவின் இறுக்கம். இன்னொன்று, டிடென்ட்டும் லாக்கும் செய்யப்பட்ட விதம். முதலாவதை நீங்களே ஒரு ஸ்க்ரூடிரைவரால் சரிசெய்துவிடலாம். இரண்டாவது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது, பிறகு மாற்றுவது பெரும்பாடு. வாங்குபவர்கள் எஃகின் பெயரைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் டிடென்ட்டைப் பார்க்கச் சொல்வேன். எஃகு சுமாராக இருந்தால் அடிக்கடி தீட்டிக்கொள்ளலாம். டிடென்ட் மோசமாக இருந்தால் அந்தக் கத்தி ஒருநாளும் நல்ல ஃபிளிப்பர் ஆகாது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான்: டி6, டி8 அளவில் நட்சத்திர முனை கொண்ட டார்க்ஸ் பிட்டுகள் (சில பிவட்டுகளுக்கு டி10 தேவைப்படும்), ஐசோபுரோபைல் ஆல்கஹால், மெல்லிய எண்ணெய், பஞ்சுக் குச்சி, காகித டேப். எதைச் சோதிப்பதானாலும் பிளேடின் கூர்ப்பக்கத்தில் இரண்டு சுற்று டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். லாக்கைச் சோதிக்கும்போது பிளேடு மூடும் பாதையில் ஒரு விரல்கூட இருக்கக்கூடாது.

பிளேடு பாதியில் நின்றுவிடுகிறது

அதிகம் பேர் சொல்லும் குறை இது. பலமுறை இதில் கத்தியின் தப்பே இருக்காது. ஆகவே முதலில் நீங்கள் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள்.

ஃப்ரேம் லாக் கத்தியில் பிடியின் ஒரு பக்கத் தகடேதான் லாக். வலது கையில் பிடித்தால் விரல் நுனிகள் சரியாக அந்தத் தகட்டின் மேல் போய் விழும். அழுத்திப் பிடித்தால் டிடென்ட் குண்டு குழிக்குள் இன்னும் ஆழமாக அமுங்கும். முளையை எவ்வளவு தள்ளினாலும் பிளேடு அசையாது, அசைந்தாலும் வேகம் செத்துப்போய்ப் பாதியில் நிற்கும். லைனர் லாக்கில், அதாவது பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு லாக்காக வேலை செய்யும் வகையில், இந்தத் தொல்லை குறைவு. ஆனால் லாக்கை விடுவிப்பதற்காகப் பிடியில் வெட்டிவிட்டிருக்கும் இடத்தில் விரல் பட்டால் அங்கேயும் இதே கதைதான். விரல்களைக் கிளிப்பின் மேலோ பிடியின் ஓரத்திலோ நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.

அடுத்தது அழுத்தும் திசை. சில முளைகளைப் பிடியின் வால்பக்கம் நோக்கி இழுக்க வேண்டும். சிலவற்றை நேராகப் பிடிக்குள் அமுக்க வேண்டும். முளையின் சாய்வைப் பொறுத்து இது மாறும், இரண்டையும் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். எதுவானாலும், விரலை முளையின் மேல் வைத்து முதலில் அழுத்தம் ஏற்றிக்கொண்டு, பிறகு ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். மணிக்கட்டை உதறித் திறக்கும் பழக்கம் வேண்டாம். நல்ல ஃபிளிப்பருக்கு அது தேவையில்லை. உதறினால்தான் திறக்கிறது என்றால் அதுவே ஒரு கோளாறின் அடையாளம்.

பிடியும் திசையும் சரி, ஆனாலும் நிற்கிறது என்றால் உராய்வு எங்கே என்று பிரித்துப் பார்க்கலாம். கத்தியைப் பாதி திறந்து, லாக் தகட்டை விரலால் ஒதுக்கிப் பிடியுங்கள். இப்போது டிடென்ட் குண்டு பிளேடைத் தொடவில்லை, மிச்சம் இருப்பது பிவட்டின் உராய்வு மட்டும்தான். கத்தியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்தால், பிவட்டைச் சுற்றிப் பேரிங் (சிறு குண்டுகள் அடுக்கிய வளையம்) உள்ள கத்தியில் பிளேடு தன் எடையிலேயே ஆட வேண்டும். வாஷர் (தட்டையான வளையம்) உள்ள கத்தியில் கொஞ்சம் சோம்பலாக ஆடினால் போதும். ஆடாமல் நின்றால் பிவட் அதிக இறுக்கம், அல்லது உள்ளே அழுக்கு. பிவட் ஸ்க்ரூவை எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் தளர்த்திப் பாருங்கள். அரைச் சுற்று, முழுச் சுற்று என்று போகாதீர்கள். இந்தக் கத்திகளில் சரியான இறுக்கத்துக்கும் தவறான இறுக்கத்துக்கும் நடுவே இருப்பது மிகச் சின்ன அசைவு.

பிளேடு தாராளமாக ஆடுகிறது, ஆனால் லாக் தகட்டை விட்டதும் தேங்குகிறது என்றால் குண்டுதான் பிளேடின் மேல் உரசிக்கொண்டே வருகிறது. புதுக் கத்தியில் இது சகஜம். குண்டு ஓடும் வழியில் ஒரு வில் போன்ற தடம் விழும். அந்தத் தடம் வழுவழுப்பாகும்வரை கொஞ்ச நாள் பழக விடுங்கள். தடத்தின் மேல் ஒரு பொட்டு எண்ணெய் வைத்தால் சீக்கிரம் பழகும்.

இவை எல்லாம் சரி, ஆனாலும் பிளேடு சோர்ந்து வருகிறது என்றால் அது பலவீனமான டிடென்ட். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மெதுவாக அழுத்தினாலும் பிளேடு நழுவி வந்துவிடுகிறது

மூடிய கத்தியின் முளையை வேண்டுமென்றே மிக மெதுவாக அழுத்துங்கள். நல்ல டிடென்ட்டில் இரண்டே முடிவுகள்தான்: பிளேடு அசையாது, அல்லது ஒரே பாய்ச்சலில் முழுக்கத் திறக்கும். நடுவில் ஒரு நிலை இருக்கக்கூடாது. மெதுவாக அழுத்த அழுத்த பிளேடும் மெதுவாக எழுந்து வந்தால் டிடென்ட் பலவீனம். அழுத்தத்தைச் சேர்த்துவைக்க அங்கே எதுவும் இல்லை, அதனால்தான் வேகமும் வரவில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. கத்தியை மூடி, பிளேடு வெளிவரும் பக்கம் கீழே பார்க்கும்படி பிடித்து லேசாகக் குலுக்குங்கள். பிளேடு எட்டிப் பார்த்தால் அந்தக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். பைக்குள் கொஞ்சம் திறந்து கிடக்கும் பிளேடின் மேல் கை போய் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள்: கத்தியைக் கழற்றி, லாக் தகட்டை உள்பக்கமாக இன்னும் கொஞ்சம் வளைப்பது. தகட்டின் அழுத்தம் கூடினால் குண்டும் பலமாக அமுங்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே தகடுதான் பிளேடைப் பூட்டவும் செய்கிறது. கூடுதலாக வளைத்த தகடு பிளேடின் அடியில் தேவைக்கு மேல் உள்ளே போய் உட்காரும், ஒட்டிக்கொள்ளும், மூடுவதற்குக் கட்டைவிரல் நோகும். உத்தரவாதமும் போய்விடும். குழியின் ஆழமோ இடமோ தவறாக இருந்தால் வளைத்தும் பயன் இல்லை. புதுக் கத்தி என்றால் மாற்றித் தரக் கேட்பதுதான் சரியான வழி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இதோடு சேர்ந்த இன்னொரு அறிகுறியும் உண்டு. மூடிய பிளேடை விரலால் தொட்டால் லேசாகக் கடகடவென்று ஆடும். குண்டு குழியின் நட்டநடுவில் போய் உட்காரக்கூடாது. குழியின் ஓரத்தில் ஏறி நின்று பிளேடை எப்போதும் உள்பக்கம் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். குழி கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் அந்த இழுப்பு இருக்காது. ஆட்டம் மயிரிழைதான், பிளேடு வெளியே வருவதும் இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இதுவும் திருகில் தீராது.

திறக்க முரடாக இருக்கிறது, விரல் நோகிறது

டிடென்ட் பலமாக இருப்பது குறையே இல்லை, பலவீனமாக இருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். பழகப் பழகக் கொஞ்சம் இளகும். இளகாவிட்டால் மேலே சொன்னபடி விரல் லாக்கை அழுத்துகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் முளையின் விளிம்பு கூராக இருக்கலாம். 600 கிரிட் உப்புத்தாளால் அந்த விளிம்பை மட்டும் லேசாக மழுக்கினால் விரல் தப்பிக்கும். முளையின் மேல் வெட்டியிருக்கும் வரிகளை முழுக்கத் தேய்த்துவிடாதீர்கள், விரல் வழுக்காமல் இருப்பது அவற்றால்தான்.

பிளேடு பக்கவாட்டில் ஆடுகிறது

கத்தியைத் திறந்து, பிளேடின் முதுகைப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். அடியில் 'டக் டக்' என்று ஓர் உணர்வு வந்தால் அது ஆட்டம். பிளேடின் நுனியைப் பிடித்துப் பலமாகத் தள்ளினால் மெல்லிய பிளேடு வளையத்தான் செய்யும். அதை ஆட்டம் என்று எண்ணிவிடாதீர்கள்.

இது பெரும்பாலும் திருகில் தீரும். பிவட்டை எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்குங்கள், திறந்து மூடிப் பாருங்கள், மறுபடி அசைத்துப் பாருங்கள். ஆட்டமும் இல்லை, பிளேடும் தாராளமாக ஓடுகிறது என்ற ஓர் இடம் வரும். நல்ல வேலைப்பாடு உள்ள கத்தியில் அந்த இடம் அகலமாக இருக்கும், கொஞ்சம் முன்பின் ஆனாலும் பாதகமில்லை. வேலைப்பாடு மட்டமான கத்தியில் அந்த இடமே இருக்காது: ஆட்டம் நிற்கும்வரை இறுக்கினால் பிளேடு ஓடாது, ஓடும்வரை தளர்த்தினால் ஆடும். மலிவான இரண்டு கத்திகளில் எது தேவலை என்று கேட்டால் நான் இதை வைத்துத்தான் சொல்வேன்.

ஸ்க்ரூவைத் திருப்பும்போது பிவட் முழுவதும் சேர்ந்து சுற்றுகிறதா? பிவட்டின் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவி, பிடியிலும் அதே வடிவத்தில் துளை போட்டிருந்தால் அது சுற்றாது. அப்படிச் செய்யாத கத்தியில் மறுபக்கம் இன்னொரு பிட்டை வைத்துப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். மறுபக்கத்தில் பிட் போட இடமே இல்லை என்றால் அது வடிவமைப்பில் உள்ள சோம்பேறித்தனம், வாங்கும்போதே பார்த்துவிடலாம்.

சரியான இறுக்கம் கிடைத்தும் சில நாளில் தானாகத் தளர்ந்துவிட்டால், திருகு மரையில் நீல நிறத் திரெட் லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு பொட்டு வையுங்கள். சிவப்பு வேண்டாம். அதைச் சூடு காட்டாமல் கழற்ற முடியாது. வைப்பதற்கு முன் மரையில் உள்ள எண்ணெயை ஆல்கஹாலால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. பேரிங் பக்கம் ஒரு துளியும் வழியக்கூடாது. முழுப் பலம் வர 24 மணி நேரம் ஆகும், அதுவரை கத்தியைச் சும்மா விட்டுவிடுங்கள்.

பிளேடு மேலும் கீழும் ஆடுகிறது

இது வேறு விஷயம். பக்கவாட்டு ஆட்டம் எரிச்சல் தரும், மேல்கீழ் ஆட்டம் விரலை வாங்கும். திறந்த நிலையில் பிடியை ஒரு கையிலும் பிளேடின் முதுகை இன்னொரு கையிலும் பிடித்து, மூடும் திசையில் மெதுவாக அழுத்துங்கள். லாக்குக்கும் பிளேடுக்கும் நடுவில் அசைவு தெரிந்தால் லாக் சரியாகத் தாங்கவில்லை. பிவட்டை இறுக்கினால் சில சமயம் அது மறைந்ததுபோல் தோன்றும். அதை நம்பாதீர்கள், உராய்வு கூடியதால் வந்த தோற்றம் அது.

பார்க்க வேண்டியவை மூன்று. லாக் வந்து உட்காரும் பரப்பில் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கிறதா என்று பார்த்துப் பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். ஸ்டாப் பின், அதாவது திறந்த பிளேடு வந்து முட்டி நிற்கும் உருளை, தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிடியின் உடல் ஸ்க்ரூக்களையும் ஒருமுறை இறுக்குங்கள். இதற்குப் பிறகும் அசைவு இருந்தால் அந்தக் கத்தியைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். லாக் பரப்பை அரத்தால் ராவிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அந்தப் பரப்பின் சாய்வு சில டிகிரி கணக்கு, கையால் ராவினால் லாக் நழுவும்.

லாக் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்பதையும் கவனியுங்கள். புதுக் கத்தியில் தகடு பிளேடின் அடித் தடிப்பில் கால் பாகம் முதல் பாதிவரை வந்து உட்கார்ந்தால் நல்லது. ஓரத்தில் தொட்டும் தொடாமலும் நின்றால் ஆபத்து. எதிர்ப்பக்கத் தகட்டையே போய்த் தொட்டால் தேய்வதற்கு இனி இடம் இல்லை என்று பொருள். பயன்பாட்டில் லாக் மெல்ல மெல்ல உள்ளே நகரும், அது இயல்பு. புதிதிலேயே பாதியைத் தாண்டி நிற்கும் கத்தியை நான் எடுக்கமாட்டேன்.

பிளேடின் முதுகை மேசை விளிம்பில் ஓங்கி அடித்து லாக்கைச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். அது லாக்கைச் சோதிப்பதைவிடக் கெடுக்கத்தான் உதவும். கையால் சீராக அழுத்திப் பார்ப்பது போதும்.

ஃபிளிப்பருக்கே உரிய ஒரு நன்மையை இங்கே சொல்ல வேண்டும். திறந்த நிலையில் அந்த முளை கீழ்ப்பக்கம் வந்து ஆள்காட்டி விரலுக்கு முன்னால் நிற்கும். கை முன்னே வழுக்கினால் அது தடுக்கும். லாக் தோற்றாலும், கூர் விரலில் இறங்கும் முன் முளை வந்து விரலில் முட்டும். முளை பொடியாக இருந்தால் பார்க்க அழகு, இந்தக் காவல் கிடையாது.

மூடப் போனால் லாக் ஒட்டிக்கொள்கிறது

டைட்டானியம் ஃப்ரேம் லாக்கில் அதிகம், எஃகு லைனரிலும் உண்டு. இரண்டு உலோகப் பரப்புகள் அழுத்திக்கொண்டு லேசாகக் கவ்விக்கொள்கின்றன. பரப்பைத் துடைத்துவிட்டு, பென்சிலின் கரியைப் பிளேடின் அந்த இடத்தில் நன்றாகத் தேய்த்து, சில நாள் அதிரடியாக இல்லாமல் நிதானமாகத் திறந்து மூடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். எண்ணெய் போடாதீர்கள், லாக் பரப்பு வழுக்கக்கூடாது.

நறநறவென்று ஓடுகிறது

புதுக் கத்திக்குள் சாணைத் தூளும் கெட்டி கிரீஸும் இருப்பது மலிவு விலைப் பிரிவில் வழக்கம்தான். பையில் சேரும் பஞ்சும் மணலும் பிறகு சேர்ந்துகொள்ளும். முதலில் கழற்றாமலே பாருங்கள்: பிவட் பக்கம் ஆல்கஹாலைச் சில சொட்டு விட்டு, பலமுறை திறந்து மூடி, ஊதி உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இதிலேயே பாதிக் கத்திகள் தெளிந்துவிடும்.

கழற்றத்தான் வேண்டும் என்றால் வெள்ளைத் துணி விரித்து உட்காருங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங் கூடுகளில் குண்டுகள் ஒரு பக்கம் அதிகம் எட்டிப் பார்க்கும் வகை உண்டு. எந்தப் பக்கம் பிளேடைப் பார்த்து இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளாமல் எடுத்தால் திருப்பிப் போடும்போது தவறும், பிளேடு இறுகி நிற்கும். மாட்டும்போது பிவட்டை முதலில் மாட்டி, உடல் ஸ்க்ரூக்களை விரலிறுக்கமாக வைத்து, பிளேடு ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கடைசியில் இறுக்குங்கள்.

எண்ணெய் கொஞ்சம் போதும். பேரிங்கில் எண்ணெய் அதிகமானால் தூசியைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும்.

பேரிங்கா வாஷரா என்று வாங்கும்போதே கேட்கிறார்கள், அதனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பேரிங்கில் பிளேடு பறக்கும். பலவீனமான டிடென்ட்டின் குறையைக்கூட அது ஓரளவு மறைத்துவிடும், அதனால்தான் மலிவான ஃபிளிப்பர்களில் பேரிங் இவ்வளவு பரவியது. ஆனால் குண்டுகளுக்கு நடுவே திறந்த இடம் இருக்கும், மணல் போய் உட்கார அது வசதி. பாஸ்பர் பிரான்ஸ் வாஷர் ஆரம்பத்தில் மந்தமாக இருந்தாலும் பயன்படுத்தப் பயன்படுத்த வழுவழுப்பாகும், அழுக்கையும் பொறுத்துக்கொள்ளும். மண், மரத்தூள், சிமெண்ட் நடுவில் வேலை செய்பவருக்கு வாஷர். பெட்டி பிரிக்க, கயிறு அறுக்க, பழம் நறுக்க என்றால் பேரிங்கே போதும்.

மூடிய பிளேடு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்கிறது

பக்கத் தகட்டில் உரசாத வரை இது கண்ணுக்குத்தான் குறை. லாக் தகடு எப்போதும் ஒரு பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டிருப்பதால் மயிரிழை விலகல் இயற்கையே. உரசினால் எல்லா ஸ்க்ரூக்களையும் தளர்த்தி, பிளேடை நடுவில் நிறுத்தி, பிவட்டிலிருந்து தொடங்கி மாறி மாறி இறுக்கிப் பாருங்கள். அப்படியும் உரசினால் ஒரு வாஷர் இரட்டையாக விழுந்திருக்கிறதா, இல்லாமலே போயிற்றா என்று பாருங்கள்.

பிளேடில் ஒரே இடத்தில் மட்டும் கூர் மழுங்குகிறது

மூடும்போது கூர் உள்ளே எதிலோ இடிக்கிறது. பெரும்பாலும் பிடியின் முதுகில் உள்ள இடைத்துண்டு. பலமுறை தீட்டிய பிறகு வந்தால் தேய்மானம், புதிதிலேயே வந்தால் அளவுத் தவறு. புதியது என்றால் திருப்பி அனுப்புங்கள்.

சீக்கிரம் மழுங்குகிறது

எஃகின் மேல் பழி போடுவதற்கு முன் ஒருமுறை நன்றாகத் தீட்டுங்கள். தொழிற்சாலைக் கூரில் பிசிர் மிச்சம் இருக்கும், வேகமான சாணையில் கூர்முனை சூடேறிப் பலம் குறைந்திருக்கவும் கூடும். அதைத் தாண்டி உள்ளே உள்ள எஃகு வெளிவந்த பிறகுதான் உண்மை தெரியும்.

இந்த விலைப் பிரிவில் அதிகம் வருபவை மூன்று. 8சிஆர்13எம்ஓவி: சுமார் 0.8 சதவீதம் கார்பன், 13 சதவீதம் குரோமியம். சீக்கிரம் மழுங்கும், ஆனால் சாதாரணத் தீட்டுக்கல்லிலேயே சில நிமிடத்தில் கூர் ஏறிவிடும். டி2: சுமார் 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். கூர் நெடுநாள் நிற்கும். தீட்டுவது பாடு, வைரத் தகடு இருந்தால் நல்லது. 14சி28என்: 0.62 சதவீதம் கார்பன், 14 சதவீதம் குரோமியம், கொஞ்சம் நைட்ரஜன். துருவை நன்றாகத் தாங்கும், நுணுக்கமான கூர் எடுக்கும். மூன்றும் ஒரே விலையில் கிடைத்தால் நான் 14சி28என்-ஐ எடுப்பேன். தீட்டிப் பழக்கமே இல்லாதவருக்கு 8சிஆர்13எம்ஓவி-யைத் தயங்காமல் சொல்வேன், அதில் பழகுவது எளிது.

பக்கத்துக்கு 17 முதல் 20 டிகிரி கோணம் வைத்துத் தீட்டுங்கள். ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிர் எழுந்ததா என்று பெருவிரலைக் குறுக்கே தடவிப் பார்த்துவிட்டுத்தான் பக்கம் மாற வேண்டும். கடைசியில் பிசிரைத் தோல் பட்டையில் இழுத்து நீக்குங்கள். பிசிர் மிச்சம் நிற்கும் கத்தி முதல் நாள் மயிரை மழிக்கும், மறுநாள் தக்காளித் தோலில் வழுக்கும்.

பிளேடில் பழுப்புப் புள்ளிகள்

டி2 என்றால் ஆச்சரியம் இல்லை. 12 சதவீதம் குரோமியம் இருந்தும் அதில் கணிசமான பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடாகக் கட்டுண்டுவிடுவதால் அது முழுத் துருப்பிடிக்காத எஃகு ஆகாது. எலுமிச்சை, வியர்வை, உப்புக் காற்று பட்டால் துடைத்து உலர்த்துங்கள். உணவு வெட்டும் கத்திக்கு உணவுத் தர மினரல் எண்ணெய் பூசுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் பிவட்டின் அடியில் பிடிக்கும் துருதான் நறநறப்பாக மாறும்.

ஸ்க்ரூ தலை வழுக்குகிறது

டி6 தலை மிகச் சின்னது, மட்டமான பிட்டால் ஒரே திருப்பில் வட்டமாகிவிடும். பலத்தைக் கூட்டுவதற்கு முன் சால்டரிங் அயர்ன் நுனியைத் தலையின் மேல் கொஞ்ச நேரம் வைத்து உள்ளே உள்ள திரெட் லாக்கரை இளக்குங்கள். பிறகு பிட்டை நேராக அமுக்கிக்கொண்டு திருப்புங்கள். பிடி பிளாஸ்டிக் என்றால் சூட்டில் கவனம்.

முளையைக் கொஞ்சம் தொட்டதுமே பிளேடு தானாகப் பாய்கிறது

அது கோளாறு இல்லை, வேறு வகைக் கத்தி. பிளேடு கொஞ்சம் எழுந்ததும் உள்ளே உள்ள ஸ்பிரிங் மிச்சத்தைத் தள்ளும் வகை அது. மூடும்போது ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கையில் தெரியும். சட்டம் இந்த இரண்டையும் எல்லா ஊரிலும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஒரு கையால் திறப்பது, பூட்டிக்கொள்வது, பிளேடின் நீளம் ஆகியவற்றுக்கும் இடத்துக்கு இடம் வரம்பு உண்டு. கையில் எடுத்துச் செல்வதாக இருந்தால் உங்கள் இடத்து விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

திருப்பி அனுப்பும்போது

பலவீனமான டிடென்ட், மேல்கீழ் ஆட்டம், ஓரத்தில் மட்டும் தொடும் லாக், உள்ளே இடிக்கும் கூர் ஆகியவற்றுக்கு மாற்றுத்தான் வழி. கழற்றுவதற்கு முன்பே எழுதுங்கள், கழற்றிய கத்தியை ஏற்க மறுப்பவர்கள் உண்டு. 'கத்தி சரியில்லை' என்று எழுதாமல் அறிகுறியை எழுதுங்கள்: மூடிய நிலையில் குலுக்கினால் பிளேடு வெளியே வருகிறது, அல்லது திறந்த நிலையில் மூடும் திசையில் அழுத்தினால் லாக்குக்கும் பிளேடுக்கும் இடையில் அசைவு தெரிகிறது. லாக் எவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியும்படி பிடியின் திறந்த பக்கத்திலிருந்து ஒரு படமும், குலுக்கும் சோதனையின் சில நொடி வீடியோவும் சேர்த்து அனுப்புங்கள். மாற்றுக் கத்தி வந்ததும், பையில் போடுவதற்கு முன், அதே குலுக்கும் சோதனையை அதிலும் செய்து பாருங்கள்.